சனிக்கிழமைக் களை

“இன்னைக்கு ஒண்ணுகூட உயிரோட மிஞ்சக் கூடாது” என்றாள் அவள், தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவன் கெட்டியான சுண்ணாம்புக் கரைசலைச் சிரிஞ்சில் இழுத்து, ஊசியைத் தட்டிக் காற்றை வெளியேற்றினான். இருபதாவது மாடியில் லிஃப்ட் கூண்டின்மேல் நின்று ரிப்பேர் பார்க்கிற கை, இந்த வீட்டுக்குள் வந்தால் மட்டும் அவன் சொன்னபடி கேட்காது.

கூடத்தில் ஆறடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி. உப்புத் தண்ணீர், பாறைகள், பாறைமேல் அவன் ஏழு வருஷமாகக் கண்ணும் கருத்துமாக வளர்த்த பவளங்கள். இப்போது இண்டு இடுக்கெல்லாம் விரல் நகம் அளவில் பழுப்புப் பூக்கள் விரிந்திருந்தன. கடல் சாமந்தியாம், பெயரில்தான் அழகு. பக்கத்திலிருக்கும் பவளத்தைக் கொட்டிக் கொட்டியே சாகடிக்கிற களை அது.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சண்டையில் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். சண்டை எதற்கு என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், இரண்டுமே வெளியில் சொல்கிற மாதிரி இருக்காது. அவனுடைய வாடகை அறையில் இந்தத் தொட்டியை வைத்தால் தரை தாங்காது என்பதால் அது இங்கேயே தங்கிவிட்டது.

களை தலைகாட்டியதும் அவள் ஒரு வரி மெசேஜ் அனுப்பினாள். அன்றிலிருந்து சனிக்கிழமை மூன்று மணிக்கு வருவான், ஊசி போடுவான், போவான். முன்பெல்லாம் வாய்க்கு வாய் ‘ஏங்க’ என்பவள், இப்போது எதையும் சுவரிடம் சொல்வதுபோல் சொல்லிவிடுகிறாள். அது அவனுக்கு வலித்தது.

பம்ப்பை நிறுத்திவிட்டு எண்ணினான். போன வாரம் கண்ணில் பட்ட பதினொன்றையும் கொன்றுவிட்டுத்தான் போனான். இன்று பத்தொன்பது.

“நீ எதையும் பிய்க்கலையே?” என்று கேட்டான். முதல் நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். கை வைக்காதே, வெட்டாதே, துண்டு விழுந்த இடமெல்லாம் புதிதாக ஒன்று முளைக்கும்.

தனக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டாள். பள்ளிச் சீருடைகள் பக்கத்தில் மலையாகக் குவிந்து கிடந்தன. நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்தாள், அது திறக்க மறுத்தது. இரண்டு மாதத்தில் மூன்றாவது கத்தரியும் துருப்பிடித்துவிட்டது, இப்போது வருகிற இரும்பின் லட்சணம் இதுதான் என்று முணுமுணுத்துவிட்டு நூலைப் பல்லால் கடித்தாள்.

ஊசியைத் தண்ணீருக்குள் இறக்கினான். கொஞ்சம் அவசரப்பட்டாலும் களை சடக்கென்று பாறைக்குள் சுருங்கிக்கொள்ளும். அதன் வாய்மேல் ஒரு சொட்டு, அவ்வளவுதான். பத்தொன்பதாவது அவனுடைய நீலப் பவளத்தை ஒட்டியே இருந்தது. கை தவறினால் பவளம் போய்விடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினான். களை வெள்ளையாக மூடிக்கொண்டது.

பின்னால் மெஷின் சத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

கஷ்டமான வேலை இனிமேல்தான் இருந்தது. தோள்பையிலிருந்து காற்றடைத்த பிளாஸ்டிக் பையை எடுத்தான். உள்ளே சிவப்புக் கோடு போட்ட ஆறு இறால்கள்.

இந்தக் களையை வேரோடு தின்றுவிடும் என்று மீன் கடைக்காரர் அப்போதே சொன்னார். ஏதேதோ சாக்குச் சொல்லி வாங்காமல் தள்ளிப்போட்டது அவன்தான். போன வாரம் அவள், “இது எப்பத்தான் முடியும்?” என்று கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகும் தள்ளிப்போட ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

“ஒரே வாரத்துல எல்லாத்தையும் தீர்த்துடும்” என்றான். “இனிமே நான் வர வேண்டியதில்ல.”

அவள் எழுந்து வந்து பையைப் பார்த்தாள். இதற்கு என்ன தீனி போட வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

“தீனியே போடாதே. பட்டினி கிடந்தாத்தான் களையைத் திங்கும். வயிறு நிறைஞ்சிட்டா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காது.”

இறால்களைத் தண்ணீருக்குப் பழக்கி உள்ளே விட்டான். கை துடைக்க மெஷின்மேல் கிடந்த துணியை இழுத்தபோது அந்தக் கத்தரி கீழே விழுந்தது. குனிந்து எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். முனையில் துருவோடு துருவாக வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. ஏழு வருஷமாகத் தொட்டி விளிம்பில் தினமும் துடைத்த வெள்ளை. நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்பு கரித்தது.

வாராவாரம் அவன் கொன்றுவிட்டுப் போக, இவள் வெட்டி வெட்டி வளர்த்திருக்கிறாள். அவன்மேல் உள்ள கோபத்தை வாயில்லாத பவளங்கள்மேல் காட்டியிருக்கிறாள்.

“என்மேல அவ்வளவு வெறுப்பா?” என்றான். கத்தரியை அவள் முன்னால் நீட்டினான்.

அவள் கத்தரியைப் பார்க்கவில்லை. பாறைக்குள் நுழைந்துகொண்டிருந்த இறால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, இதுங்களுக்கு நான் மூணு வேளையும் தீனி போடுவேன்.”