முந்திய நட்டங்கள்

காப்புறுதிப் பத்திரத்தைக் காட்டாமல் வாடகை வீட்டின் கதவுத் திறப்பைத் தரமாட்டேன் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டதால், லோகேஸ்வரி, காப்புறுதி முகவர் தயாபரனின் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். அவரும் ஊர்க்காரர்தான். படிவத்தில் இருந்த கேள்விகளைத் தமிழில் கேட்டுத் தானே நிரப்பிக்கொண்டிருந்தார்.

“முந்தி எப்பவாவது நீங்கள் இருந்த வீடு எரிஞ்சு நட்டம் ஏதும் வந்ததோ அக்கா?”

“ஓம். ரெண்டு தரம்.”

தயாபரன் நிமிர்ந்தார். “என்னெண்டு எரிஞ்சது?”

“முதல் வீட்டை ஆக்கள் வந்து கொளுத்தினவை. நான் அப்ப கைக்குழந்தை. அம்மா சொல்லித்தான் தெரியும். மற்ற வீட்டில ஷெல் விழுந்தது. நான் தண்ணி அள்ளப் போயிருந்தன். என்ர அவர் உள்ளுக்க இருந்தவர்.”

இத்தனை வருடங்களில் இதை யாரும் அவளிடம் நேராகக் கேட்டதில்லை. கேட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது அவளுக்கே வியப்பாக இருந்தது. காரணம் எழுதுவதற்குப் படிவத்தில் ஒரு வரிதான் இருந்தது. தயாபரன் கேள்வியை மறுபடி வாசித்தார்.

“அக்கா, இந்த நாட்டுக்கு வந்த பிறகு நடந்ததைத்தான் கேக்கினம்.”

“இஞ்ச ஒண்டும் நடக்கேல்லை. இல்லையெண்டு போடுங்கோ.”

அவர் எழுதினார். அவள் கையொப்பம் வைத்தாள்.

மறுநாள் காலை திறப்புக் கிடைத்தது. வீட்டுக்காரர் குசினிக்குள் போய் அடுப்பைக் காட்டத் தொடங்கினார். லோகேஸ்வரி கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

“அதைப் பிறகு பாப்பம் அண்ணை,” என்றாள். “பின்கதவு எந்தப் பக்கம்?”