பாய்லர் அறைத் தூசி

மனைவியைக் கதவோரப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, போர்க்கப்பலின் முன்னாள் பாய்லர்காரர் எக்ஸ்ரேயை நீட்டினார். படைவீரர் நல அலுவலக டாக்டரின் புருவம் கூரைவரை ஏறியது.

“அடேயப்பா! நுரையீரல் பூரா ஆஸ்பெஸ்டாஸ். கப்பல்ல அவ்வளவு தூசியா?”

“சூடு தாங்க நீராவிக் குழாய்ல சுத்தின ஆஸ்பெஸ்டாஸ் உதிர்ந்துக்கிட்டே இருக்கும் சார். மாவு மில்லையே தலையில கவுத்த மாதிரிதான் வீட்டுக்குப் போவேன்!”

“நாட்டுக்காக வாங்கின வியாதி. வைத்தியம் முழுக்க எங்க பொறுப்பு.”

பாய்லர்காரருக்கு டாக்டரைத் தோளில் தூக்கி ஊர்வலம் போகலாம் போலிருந்தது.

“எங்கே, மூச்சு எவ்வளவு இருக்குன்னு பார்ப்போம், இந்தக் குழாயில ஊதுங்க.”

பாய்லர்காரர் மனைவி பக்கம் திரும்பி, “ஏம்மா, வந்து ஊது,” என்றார்.

“அவங்க எதுக்கு?”

“எக்ஸ்ரே அவளோடதுதானே சார்! நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன். என் யூனிஃபார்மை உதறி உதறித் துவைச்சது அவதான்.”

டாக்டர் எக்ஸ்ரேயைச் சூடான சட்டியைப்போல் திருப்பித் தள்ளினார். “அவங்க படையில இல்லையே. சட்டத்துல இடமில்லை.”

மனைவி மூச்சு வாங்க வாங்கக் கேட்டாள்:

“இவர் ரிட்டயர் ஆனப்போ, யூனிஃபார்ம் அரசாங்கச் சொத்து, துவைச்சுக் கொண்டாந்து ஒப்படைன்னீங்க. ஒரு பட்டன் குறையாம வாங்கிக்கிட்டீங்க. அந்தத் தூசியும் உங்க சொத்துதானேய்யா? அதை மட்டும் ஏன் எங்கிட்டயே விட்டுட்டீங்க?”