வினாடிக்கு ஆறு மெகாபிட்

மறுபடியும் ஆறு.

லேப்டாப்பை சோபாவின் கைப்பிடியில் வைத்துப் பார்த்தாள். ஆறு. இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தாள். ஐந்தரை.

புதன்கிழமை மாலைவரை நூறில் ஓடிய வைஃபை. இன்று ஞாயிறு மத்தியானம்.

குற்றவாளி யாரென்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. புதன் மாலை லேப்டாப்பின் லினக்ஸில், அதன் அடிப்படை நிரலான கர்னலின் புதுப் பதிப்பை ஏற்றினாள். வியாழன் காலை வைஃபை படுத்துவிட்டது. ஆக, வைஃபை கார்டை இயக்கும் டிரைவர் நிரல்தான். பதினொரு வருடம் இதிலேயே குப்பை கொட்டியவளுக்கு இதுகூடத் தெரியாதா.

டிரைவரைக் கழற்றி மாட்டினாள். கார்டு தூங்கிவிடாதபடி மின்சிக்கனத்தை அணைத்தாள். பழைய கர்னலுக்கே திரும்பிப் போனாள். லேப்டாப் தானே எழுதிவைக்கும் லாகை முதல் வரியிலிருந்து, ஜாதகம் பார்ப்பவரைப் போல, விரல் வைத்துப் படித்தாள்.

எங்கும் ஒரு பிழை இல்லை.

அதுதான் குழப்பியது. பிழை என்று ஒன்று இருந்தால் அதைத் திட்டவாவது செய்யலாம்.

இணையத்தில் லினக்ஸ் மன்றத்தில் கேள்வி போட்டாள். நாற்பது வரி. எந்த ஊர்ப் புண்ணியவானோ, ஒரே வரியில் திருப்பிக் கேட்டிருந்தான்: உங்கள் ரவுட்டர் எங்கே இருக்கிறது?

சுருக்கென்றது. டிவி அலமாரி மேல், மூன்று மீட்டரில், நான் ஒன்றும் சின்னப்பிள்ளை இல்லை என்று பதில் எழுதினாள்.

தலையைத் திருப்பிப் பார்க்காமலே எழுதினாள்.

நடுவில் இன்னொன்றும் இருந்தது.

அந்தப் புதன் மாலை, கர்னல் ஏறிக்கொண்டிருந்தபோது, கணவன் கதிர்வேல் பேங்க்கிலிருந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் எதிரில் நின்றான்.

"கோகிலா, நாகர்கோவிலுக்குப் போட்டுட்டாங்க. புரமோஷன். திங்கக்கெழம காலைல பதில் சொல்லோணும். நீயும் வர்றியா, இல்ல வேண்டாம்னு எழுதிக் குடுத்தரட்டுமா?"

"ஒரு நிமிஷம்" என்றாள், திரையைப் பார்த்தபடி. எண்பத்திரண்டு சதவீதம் ஆகியிருந்தது.

நூறு ஆகி அவள் நிமிர்ந்தபோது படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது.

அதன்பிறகு பேச்சில்லை. அவள் சோபாவிலேயே தூங்கினாள். கொடியில் காய்ந்ததையே எடுத்து உடுத்தினாள். காலையில் மட்டும் அவளுடைய காபி, மேலே தட்டு மூடி, மேஜையில் இருந்தது. அவன் வேலைக்குப் போயிருப்பான்.

வைஃபை சரியாகட்டும், போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றிருந்தாள். ஒரு நேரத்தில் ஒரு பிரச்சினை. அது அவளுடைய தொழில் தர்மம்.

நாளைக்குத் திங்கள்.

லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வீட்டை அளக்கக் கிளம்பினாள். சமையலறை, நாலு. பால்கனி, இரண்டு. படுக்கையறைக் கதவருகே முப்பத்தைந்து.

நின்றாள். ஓரடி பின்னால் வந்தாள். பதினேழு. முன்னால் போனாள். முப்பத்தாறு.

ஒரு டிரைவருக்கு இப்படியொரு புத்தி இருக்குமா?

காலில் ஏதோ நெருடியது.

மஞ்சள் ஒயர். கனெக்‌ஷன் கொடுக்க வந்தவன் மிச்சமாகச் சுருட்டி வைத்துவிட்டுப் போன, அதே மெல்லிய ஒயர். டிவி அலமாரியிலிருந்து சுவரோரமாக நீண்டு கதவிடுக்கில் உள்ளே போயிற்று.

நான்கு நாளாக அதைத் தாண்டித்தான் பாத்ரூம் போய் வந்திருக்கிறாள். ஒருமுறைகூடக் கால் தடுக்கவில்லை. அவ்வளவு ஜாக்கிரதை.

திரும்பிப் பார்த்தாள். அலமாரி மேல், ரவுட்டர் இருந்த இடத்தில், தூசி படியாத ஒரு சதுரம்.

கதவைத் தள்ளினாள்.

இரும்பு பீரோவுக்கு அந்தப் பக்கம், அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கட்டிலில் அவள் பக்கம் காலியாக இருந்தது. அவளுடைய தலையணைமேல் ரவுட்டர். பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்தன.

திரையில் நூற்றிரண்டு.

"நாலு நாளாச்சா, இதைக் கண்டுபிடிக்க?" என்றான், திரும்பாமலே. "அன்னைக்கு ராத்திரியே வந்து சண்டை போடுவீன்னு நெனச்சேன்."

அவள் லேப்டாப்பை மூடினாள். ரவுட்டரை எடுத்தாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சூடாக இருந்தது, இத்தனை நாளும் யாரோ தலைவைத்துப் படுத்திருந்தது போல.

சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது. வெளியே வந்தது இதுதான்:

"நாகர்கோவில்ல இந்தக் கனெக்‌ஷன் குடுக்கறாங்களா?"



அவன் முதுகு குலுங்கியது. சிரிக்கிறானா, வேறெதுவுமா, புரியவில்லை. தோளில் கை வைத்தாள்.

"ஒரு நிமிஷம்" என்றான்.