கிளட்ச் இல்லாத வண்டி

"கியர் மாத்தணும் கமரு, வைக்கிறேன்."

ஸ்பீக்கரில் கணவர் ஜெக்கரியாவின் குரல் அத்தோடு நின்றது. கமருன்னிஸா ஸ்பீக்கரை அணைத்தாள். போன் பிடித்த கையை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டு, கன்னத்தைக் கையில் சாய்த்து, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அப்சர் அக்காவை ஓரக்கண்ணால் பார்த்தான். பட்டுக்கோட்டையில் தேங்காய் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் போகிற லாரி அது. மகள் ஷமாவின் கல்யாணத்துக்குத் துணி எடுக்க அக்கா கிளம்பியபோது, "பஸ்ஸுல ஏன் இடிபடுற? நம்ம புது வண்டியில வா" என்று அவன்தான் ஏற்றி வந்தான்.

நாலு வருஷமாக ஊர்ப்பக்கமே வராத மனுஷனிடம் அக்கா அப்படி என்ன கேட்டுவிட்டாள்? "ஒத்தைப் பொண்ணு நிக்காஹுங்க. ரெண்டு நாளாவது வந்து தலையைக் காட்டிட்டுப் போங்களேன்" என்றாள். "லீவு கெடையாதுன்னுட்டாங்க கமரு" என்றார். அப்புறம் கியர்.

"அக்கா, மச்சான் சவூதியில ஓட்டுறது அந்த வெள்ளை ட்ரெய்லர்தானே? போட்டோ அனுப்புனாரே?"

"ஆமா. ரெண்டு வருசமா அதான்."

"அப்ப என் காலைக் கொஞ்சம் பாரு."

பார்த்தாள். இடது கால் வேலை வெட்டி இல்லாமல் ஓரமாக மடங்கிக் கிடந்தது.

"கிளட்ச் எங்க? கெடையாது. இந்தக் குமிழை ஒரு தடவை திருப்பி விட்டா முடிஞ்சுது. மேடு, எறக்கம், லோடு எல்லாத்தையும் பார்த்து அதுவே கியர் மாத்திக்கும். மச்சான் வண்டியும் இதே சாதிதான். காலையில கியரைத் தள்ளுற காத்து டேங்குல தேங்குன தண்ணியை வடிச்சு விடணும், காத்து கொறஞ்சா கியர் விழாது. மத்தபடி நமக்கு ஒரு வேலையும் இல்ல."

"மொத வாரம் கிளட்சுன்னு நெனச்சு இடது காலால பிரேக்கை ஓங்கி மிதிச்சியாமே. கண்ணாடியில மூக்கை முட்டிக்கிட்டு நின்னது ஊருக்கே தெரியும்டா."

"இருவது வருசப் பழக்கம், கால் கேக்கல. நீ பேச்சை மாத்தாத."

ஒரத்தநாட்டுக்கு முன்னால் ஒரு பாலத்து ஏற்றம் வந்தது.

"இப்பப் பாரு" என்றான். இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. வண்டி உஸ்ஸென்று பெருமூச்சு விட்டது. முன்னால் ஒளிர்ந்த கியர் நம்பர் எட்டிலிருந்து ஆறானது. இன்னொரு பெருமூச்சில் ஐந்தானது. பாரத்தோடு லாரி நிதானமாக மேலேறியது.

"உன்கூட வாயடிச்சுக்கிட்டேதானே இருந்தேன். நான் மாத்துனேனா?"

"இல்ல."

"அப்ப மச்சான் மட்டும் எந்தக் கியரை மாத்துனாரு?"

ஜன்னலுக்கு வெளியே நாற்றுக்கட்டு சுமந்துகொண்டு நாலைந்து பெண்கள் வரப்பில் வரிசையாகப் போனார்கள். கமருன்னிஸா அவர்களைப் பார்ப்பது போல இருந்தாள். ஆனால் கவனம் அங்கே இல்லை என்று அப்சருக்குத் தெரிந்தது.

"நானும் ரொம்ப நாளா கவனிக்கிறேன். ஊருக்கு வாங்கன்னு சொன்னா கியர். ஷமாகிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்கன்னா கியர். கோவிச்சுக்காதக்கா, அங்க அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கு."

"அப்படியெல்லாம் இருக்காதுடா."

"இங்கேருந்து போனவங்கள்ல எத்தனை பேரு கதை நமக்குத் தெரியும்! ஷமா கல்யாணம் முடியட்டும். ஜமாத்துல நானே எழுதிக் குடுக்கிறேன். பேசி அத்துவிட்டுடலாம். பொய் சொல்ற ஆளுக்கு நீ எதுக்கு காத்துக் கெடக்கணும்? எங்க வீட்டுல உனக்குச் சோறு இல்லையா?"

"கொஞ்சம் சும்மா வாயேன் அப்சர்."

"எப்படி சும்மா வர்றது? லாரியைப் பத்தி உனக்கு என்ன தெரியப் போவுதுங்கிற தைரியம்தானே அவருக்கு?"

"எனக்குத் தெரியும்டா."

"என்ன தெரியும்?"

"வண்டி கைக்கு வந்த அன்னைக்கே அவரே சொன்னாரு. இடது காலுக்கு வேலையே இல்ல கமரு, எல்லாம் தானா மாறுதுன்னு சின்னப் புள்ளையாட்டம் சிரிச்சாரு."

அப்சர் லாரியை ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி நிறுத்தினான். கோபத்தில் அவனுக்கு மூச்சு வாங்கியது.

"தெரிஞ்சுக்கிட்டே ரெண்டு வருசமா இந்தப் பொய்யைக் கேட்டுட்டு இருக்கியா? போனைக் குடு. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு கேட்டுடுறேன்."

நீட்டிய கையை அவன் மடக்கவில்லை. கமருன்னிஸா அவனையே பார்த்தாள். கன்னம் நனைந்திருந்தது. மெல்ல முக்காட்டுக்குள்ளிருந்து கையை எடுத்தாள். போன் திரையில் வெளிச்சம் இருந்தது. பேச்சு நேரம் இன்னும் நிமிஷம் நிமிஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

"நம்ம சத்தம் அந்தப் பக்கம் போகாம நிறுத்தி வெச்சிருக்கேன். வைக்கிறேன்னு சொல்வாரே தவிர வைக்க மாட்டாரு. நான் வெச்சிருப்பேன்னு நெனச்சுக்குவாரு" என்று சொல்லிக்கொண்டே போனை அவன் காதில் வைத்தாள்.

பெரிய எஞ்சின் ஒன்று இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கும் மேலாக, ஷமாவின் பெயரைச் சொல்லிச் சொல்லி மச்சான் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்.