ஈரத் தலை

எங்கள் வீட்டில் எல்லோர் காதிலும் பகிர்வுமணி உண்டு. நாங்கள் பார்ப்பதும் கேட்பதும் அந்தக் கணமே உறவினர் அனைவருக்கும் போய்விடும். நான் நீச்சல் குளத்தில் இறங்கும்போதெல்லாம் தோஹாவிலிருந்து சித்தப்பா என் காதுக்குள் கத்துவார்.

"தாயி, கம்பிய விட்டுராத!"

அத்தைகள் சிரிப்பார்கள். குளத்தின் ஓரக் கம்பியை நான் விட்டதே இல்லை.

இன்று குளக்கரையில் மணியைக் கழற்றப் போனேன். ஒருமுறை கழற்றினால், பிறந்தது முதல் சேர்ந்த காட்சிகள் அனைத்தும் அழிந்துவிடும் என்று அது எச்சரித்தது. நான் நடை பழகியது, பள்ளியில் பரிசு வாங்கியது, எல்லாமே. கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு, "சரி" என்று கழற்றினேன்.

தண்ணீருக்குள் அவ்வளவு அமைதி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கம்பியை விட்டேன். பாதியில் மூக்கில் தண்ணீர் ஏறியது. யாரும் சிரிக்கவில்லை. அதனால் நான் திரும்பவும் இல்லை. எதிர்ச்சுவரைக் கை தொட்டது.

வீட்டில் அம்மா என் வெறும் காதைப் பார்த்துத் திகைத்தாள்.

"ஏட்டி, மணிய எங்க? தலை ஏன் ஈரமா இருக்கு?"

"நீந்திட்டேம்மா. அந்தக் கரை வரைக்கும்."

"பொய் சொல்லாத. நான் பாக்கலையே!"

"நான் சொல்லுதேன், கேளு."

அம்மாவின் மணியில் சித்தப்பா கத்தியது எனக்கும் கேட்டது. "என்ன மதினி, புள்ள என்ன சொல்லுதா?"

"சும்மா இரிங்க. அவ சொல்லட்டும்."

கம்பியை விட்டது வரை சொல்லிவிட்டு மூச்சு வாங்கினேன். இதுவரை என் கதை எதையும் அம்மா கேட்க வேண்டியிருந்ததில்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டு முக்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"அப்புறம்?" என்றாள்.