நெய்னாவின் நாக்கு

துணிக்கடை நெய்னாவின் முகத்தைப் பார்த்து அடிவிலையைக் கண்டுபிடித்தவன் பினாங்கில் கிடையாது. வயிறு உப்பிப்போய் அவர் சீன வைத்தியர் லிம் அம்மாவிடம் போனபோது, நெய்னாவிடம் மொத்தச் சரக்கு வாங்கும் சாகுலும் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"நாக்கை நீட்டுங்க முதலாளி. ஓரமெல்லாம் பல் தடம், ஜீரணம் ஓய்ஞ்சுபோச்சு. சோத்தோட ஐஸ் தண்ணியா?"

"தொடுறதே இல்லை."

"நாக்கு குடிக்கிறேங்குதே!"

சாகுலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காய்ந்த ஆரஞ்சுத் தோலும் இஞ்சியும் கட்டிய கஷாயப் பொட்டலத்தோடு நெய்னா வெளியேறினார். ஐஸை அன்றே விட்டார்.

அடுத்த மாதம், நெய்னாவை அண்ணன் முறை வைத்து 'காக்கா' என்று கூப்பிடும் சாகுல் கடைக்கு வந்தார். "முதல்ல நாக்கைக் காட்டுங்க காக்கா, அடிவிலை அதுல இருக்கும்." கடையே திரும்பிப் பார்த்தது. நெய்னா எழுந்து, நெஞ்சை நிமிர்த்தி, நாக்கை முழுசாக நீட்டினார். சாகுல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார், இன்னும் குனிந்தார். ஓரத்தில் ஒரு பல் தடம்கூட இல்லை.