சூளை மனிதனின் கையெழுத்து

"முழுப் பேரையும் எழுதச் சொல்லு. மத்தவங்களுக்குப் போடுற மாதிரி கிறுக்கிவிட்டுடப் போறான்," என்றாள் பெரில்.

அவள் கணவன் டெரிக் ஹோல்ராய்ட் தலையை மட்டும் ஆட்டினான். பேசினால் இருமல் வரும்.

வரிசையில் முன்னால் நின்றவன் உடம்பெல்லாம் சாம்பல் நிறச் சாயம் பூசி, அட்டைக் கோடாரி ஒன்றைத் தோளில் வைத்திருந்தான். திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "முழுப் பேரா? விக்கத்தானே பெருசு? கிழவன் மண்டையைப் போட்டா மூணு மடங்கு விலை போகும்."

"நீ முதல்ல மூஞ்சியைக் கழுவு," என்றாள் பெரில்.

டான்காஸ்டர் கண்காட்சிக் கூடத்தில் சனிக்கிழமைக் கூட்டம். பழைய தொலைக்காட்சித் தொடர்களில் நடித்தவர்கள் மேசை போட்டு உட்கார்ந்து, முப்பது பவுண்டுக்கு ஒரு படத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பதினொன்றாம் மேசையில் நெவில் கார்ட்ரைட். நாற்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் 'சூளை மனிதன்' தொடரில் அரக்கன் உடைக்குள் இருந்தவன். தொடர் முழுக்க அவன் முகத்தை யாரும் பார்த்ததில்லை. இருந்தும் வரிசை கழிப்பறை வரை நீண்டிருந்தது.

டெரிக் ஹாலிஃபாக்ஸிலிருந்து பேருந்தில் வந்து மலிவு விடுதியில் படுத்தெழுந்தது படத்துக்காக இல்லை. கோட்டுப் பையில் வக்கீல் அடித்துக் கொடுத்த தாள் ஒன்று இருந்தது.

அந்தத் தொடருக்குப் படப்பிடிப்புக் கொட்டகை போட்ட தச்சர்களில் அவன் ஒருவன். தீக்காட்சி வருகிறதென்று சுவரெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் பலகை அடித்தார்கள். ஆறு வாரம் மூக்கில் துணிகூடக் கட்டாமல் அறுத்தான். அந்தத் தூள்தான் இப்போது நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டு மூச்சை விடமாட்டேன் என்கிறது.

கூலியைக் கையில் கொடுத்தார்கள். ஒரு சீட்டுக் கிடையாது. 'நீ அங்கே அறுத்ததைக் கண்ணால் பார்த்தவன் ஒருத்தன் கையெழுத்துப் போட்டால் இழப்பீடு. இல்லாவிட்டால் இல்லை,' என்று சொல்லிவிட்டார் வக்கீல். கெடு திங்கட்கிழமையோடு முடிகிறது. கூட அறுத்த மூன்று பேரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள். இழப்பீடு வராவிட்டால், டெரிக்குக்குப் பிறகு பெரில் அந்த வீட்டில் ஒரு மாதம் இருக்க முடியாது.

"அவனுக்கு உன்னை ஞாபகம் இருக்குமா?" என்றாள் பெரில், பத்தாவது தடவையாக.

"கதவை மறப்பானா? நான் வச்ச கதவு அவனுக்குத் தோதா திறக்கல. இடது கைக்காரன். அந்த உடையோட முட்டிக்கிட்டு நின்னான். கீலைக் கழட்டி மறுபக்கம் மாட்டிக் கொடுத்தேன். 'என் பிள்ளைக்கு உன் பேரை வைக்கிறேன்டா'ன்னான்."

"வச்சானா?"

"பொண்ணு பிறந்துச்சு."

அவள் சிரித்தாள். அவனும் சிரிக்கப் போய் இருமினான்.

மேசையருகே நின்ற பெண் கறாராகச் சொன்னாள். "படத்துல மட்டும்தான் கையெழுத்து. வேற காகிதம் எதையும் நீட்டாதீங்க." டெரிக் ஒரு படம் வாங்கினான். அரக்கன் இடக்கையில் கோடாரியை ஓங்கியபடி நிற்கும் படம்.

நாற்காலியில் இருந்த கிழவன் வலக்கையில் பேனாவை உருட்டிக்கொண்டே, நிமிராமல் கேட்டான். "யார் பேருக்கு?"

"டெரிக்குக்கு. கொட்டகை போட்ட டெரிக்."

பேனா ஒரு கணம் நின்றது. "அட, டெரிக்கா! ஆமா ஆமா. என்ன நாளெல்லாம் அது!"

பெரில் டெரிக்கின் முழங்கையை அழுத்தினாள். அவன் தாளை எடுத்துப் படத்தின் மேல் வைத்தான்.

"ஐயா, நான்தான் சொன்னேனே..." என்று அந்தப் பெண் கை நீட்டினாள்.

"விடும்மா. நீ போய் எனக்கு ஒரு டீ வாங்கிட்டு வா," என்றான் கிழவன். அவள் போனதும் உதடு அசைய வரிவரியாகப் படித்தான். ஆஸ்பெஸ்டாஸ் என்ற சொல்லில் விரல் நின்றது. பேனாவை மூடினான்.

"என்னால போட முடியாது."

"உன்மேல ஒண்ணும் வராது நெவில். நான் பலகை அறுத்ததைப் பார்த்தேன்னு சொல்லு, போதும். பார்த்தியா இல்லையா?"

கிழவன் தாளை டெரிக் பக்கமே தள்ளினான்.

பெரிலுக்குப் பொறுக்கவில்லை. "ஏன் முடியாது? காலையிலேர்ந்து கண்டவனுக்கெல்லாம் போடுற! உனக்காகக் கதவையே கழட்டி மாட்டின மனுசன்யா இது!"

"எந்தக் கதவு?" என்றான் கிழவன்.

டெரிக் அந்த வலக்கையைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான், இருமல் முந்திக்கொண்டது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினான். பின்னால் நின்றவர்கள் விலகினார்கள். கிழவன் மட்டும் பதறவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து நகர்த்தி வைத்துவிட்டு, அந்த இருமல் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரிந்தவன்போலக் காத்திருந்தான்.

அடங்கியதும், வரிசைக்குக் கேட்காதபடி மேசைமேல் சாய்ந்து சொன்னான்.

"நான் அவன் அண்ணன்ப்பா. நெவில் இப்படி இருமித்தான் செத்தான், நாலு வருசமாச்சு."